ஆட்டம் ஸ்டியரிங் பாக்ஸில் இல்லை

பழைய ஆறு சக்கர லாரி ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். என்னிடம் ஓடுவதும் அதே மாடல்தான். இன்ஜின், இழுவை, டீசல் கணக்கெல்லாம் அவருக்கே தெரியும் என்பதால் ஸ்டியரிங் கதையை மட்டும் எழுதுகிறேன். வண்டி இப்போதுதான் வேலை முடிந்து வெளியே வந்தது, எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

நேர் ரோட்டிலேயே வண்டி அலைந்தது. கொண்டுபோய் விட்ட பட்டறையில் ஒருவரும் கீழே படுக்கவில்லை. ஸ்டியரிங் தண்டின் அடியில் இருக்கும் கியர் பெட்டிதான் ஸ்டியரிங் பாக்ஸ்; அதன் மேலே இருக்கும் அட்ஜஸ்ட் ஸ்குருவை முறுக்கி, "சரியாயிடுச்சுண்ணே" என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்டியரிங் வீலில் ஆட்டம், அதாவது டயர் திரும்பாமல் வீல் மட்டும் சும்மா சுற்றுவது, குறைந்தது உண்மைதான். ஆனால் லோடோடு தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது, வளைவில் ஒடித்த ஸ்டியரிங் தானாகத் திரும்பவில்லை. ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்து நேராக்க வேண்டியிருந்தது. தேய்ந்தது ஓரிடம், முறுக்கியது வேறிடம். அதற்குக் கூலி வேறு!

அப்புறம் சங்ககிரிப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. டயர்கள் தரையில் இருக்க, இன்ஜினை ஓடவிட்டு, கிளீனரை ஸ்டியரிங் வீலை லேசாக இடமும் வலமும் அசைக்கச் சொன்னார். இவர் கீழே படுத்து ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் கை வைத்துக்கொண்டே வந்தார். வீல் அசைந்ததும், பாக்ஸிலிருந்து வெளியே வரும் கை போன்ற டிராப் ஆர்ம் உடனே அசைந்தது, ஆக பாக்ஸ் மேல் பழி இல்லை. அந்த அசைவை முன் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியான டிராக் லிங்க்கோ ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. அங்கே கை வைத்தபோது 'டக்' என்று எனக்கும் தட்டியது. பெரிய பிளையரால் அந்தக் கம்பியின் முனையில் இருக்கும் உருண்டை மூட்டை, அதாவது பால் ஜாயின்ட்டை, அமுக்கிப் பார்ப்பவர்களை அவருக்குப் பிடிக்காது. உள்ளே ஸ்பிரிங் அமுங்குவதுகூட தேய்மானம் போலத் தெரியுமாம்.

பிறகு முன் ஆக்ஸிலை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆடியது. பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார், அப்போதும் ஆடியது. பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் புஷ், அதாவது முன் சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சாணியைச் சுற்றியிருக்கும் உறை. இவ்வளவுதான் சோதனை.

டிராக் லிங்க் தேய்ந்ததற்கு ஆரம்பம் அதன் ஜாயின்ட்டில் கிழிந்து தொங்கிய ஒரு ரப்பர் கேப். கிரீஸ் வெளியே போய், தூசியும் தண்ணீரும் உள்ளே போயிருந்தன. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98வது விதி, ஸ்டியரிங் வீலில் 30 டிகிரிக்கு மேல் ஆட்டம் கூடாது என்பதோடு, பால் ஜாயின்ட்டுகளுக்கு ரப்பர் கேப் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டம் எழுதியவருக்குத் தெரிந்தது பட்டறைக்குத் தெரியவில்லை. கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும்போதும் ஆக்ஸிலைத் தூக்கிவிட்டு அடியுங்கள். பாரம் இருந்தால் கிரீஸ் போகவேண்டிய இடத்துக்குப் போகாது.

டிராக் லிங்க் எண்டுகள், கிங் பின் செட் மாற்றி, பாக்ஸ் ஸ்குருவைப் பழைய நிலைக்குத் தளர்த்தி, அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. இப்போது வண்டி சொன்னபடி கேட்கிறது. இத்தனை வயதில் இப்படி ஓடும் லாரி அபூர்வம். இருந்தாலும் நண்பருக்கு வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். கிங் பின் செட்டின் பில் இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது, அடுத்த மாதம் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும்.