பண்டைய வரலாறா, பழைய மொழிகளா, தொல்லியலா: எதை எடுத்து படிக்கிறது?

பழங்காலத்து மேல ஆர்வம் இருக்கு, யுனிவர்சிட்டியிலயும் அதையே படிக்கணும்னு முடிவு பண்ணியாச்சு, ஆனா அப்ளிகேஷன் போடப் போனா பண்டைய வரலாறு, பழைய மொழிகள், தொல்லியல்னு மூணு டிபார்ட்மென்ட் நிக்குது. வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு மூணும் ஒண்ணு மாதிரிதான் தெரியும், உள்ள போயிட்டா தினசரி வேலையே வேற வேற. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன், எதுன்னு நிஜமாவே முடிவு பண்ண முடியலன்னா மொழி பக்கம் போங்க.

ஒரே ஒரு பொருளை வச்சு பாருங்க. வட இங்கிலாந்துல விண்டோலாண்டான்னு ஒரு ரோமானிய கோட்டை இருக்கு. 1973-ல அங்க தோண்டினப்போ ஈர மண்ணுக்குள்ள மரச்சீவல் மாதிரி மெல்லிசா தகடுங்க கிடைச்சுது, மேல மையில எழுதியிருந்தது. அதுக்கப்புறமும் நிறைய கிடைச்சுது. அதுல ஒண்ணு கிளாடியா செவேராங்கிற பொண்ணு தன் தோழி சுல்பிசியா லெப்பிடினாவுக்கு, என் பிறந்தநாளுக்கு கட்டாயம் வரணும்னு கி.பி. 100 வாக்குல எழுதின கடிதம். ரெண்டு பேரும் ராணுவ அதிகாரிங்களோட மனைவிங்க.

தொல்லியல் படிச்சவங்க இதை எடுத்தா, கிட்டத்தட்ட 1900 வருஷம் மரம் மக்காம எப்படி இருந்துச்சு (காத்து புகாத ஈர மண்ணுதான் காரணம்), எந்த அடுக்குல கிடந்தது, அந்த அடுக்கு கோட்டையோட எந்தக் கட்டத்தைச் சேர்ந்ததுன்னு போவாங்க. மொழிக்காரங்களுக்கு வேலை வேற. மை மங்கிப் போயிருக்கும், இன்ஃப்ராரெட் போட்டோ எடுத்து அந்தக் காலத்து கூட்டெழுத்து லத்தீனை ஒவ்வொரு எழுத்தா பிரிச்சு படிக்கணும். அப்படி உக்காந்து பாத்ததுலதான் கடிதத்தோட பெரும்பகுதி ஒருத்தர் கை, கடைசி சில வரி இன்னொரு கைன்னு தெரிஞ்சுது. அந்தக் கடைசி வரிங்க செவேராவே எழுதினது, ஒரு பொண்ணு கைப்பட எழுதி நமக்குக் கிடைச்ச லத்தீன்ல ரொம்பப் பழசானதுல இதுவும் ஒண்ணு. வரலாறு படிக்கிறவங்க இங்கருந்து, எல்லைக் கோட்டையில குடும்பங்க எப்படி வாழ்ந்தாங்க, பொண்ணுங்களுக்கு எழுத்தறிவு எவ்ளோ இருந்துச்சு, ஒரே ஒரு கடிதத்தை வச்சு எவ்ளோ தூரம் சொல்லலாம்னு வாதம் கட்டுவாங்க. இந்த மூணுல எந்த வேலையைப் படிக்கும்போது கை பரபரங்குதுன்னு பாருங்க, பாதி முடிவு அதுலயே வந்துடும்.

வரலாறு ஆரம்பிக்க சுலபம். மொழிபெயர்ப்பு இருக்கு, புக் இருக்கு, முதல் செமஸ்டர்லயே பெரிய கேள்விகளுக்குள்ள போயிடலாம். உதாரணத்துக்கு கி.மு. 1274-ல நடந்த கதேஷ் போர். எகிப்து ராஜா இரண்டாம் ராம்செஸ் தனியா நின்னு ஜெயிச்ச மாதிரி கோயில் சுவருங்கள்ல செதுக்கி வச்சிருக்காரு, எதிர்த்து நின்ன ஹிட்டைட் (இப்போ துருக்கி இருக்கிற பகுதியில இருந்த பேரரசு) பக்கத்து பதிவைப் பாத்தா கதையே மாறுது. யார், யாருக்காக, எதுக்கு எழுதினாங்கன்னு கேட்டுக் கேட்டு பழகுறதுதான் இந்த டிகிரி. சட்டம், பத்திரிகை, நிர்வாகம்னு வெளியில போறதுக்கும் இந்தப் பழக்கம் உதவும். குறைன்னு பாத்தா, மூல மொழி தெரியாம எம்.ஏ.வுக்கு மேல போனா சீக்கிரமே முட்டுச்சந்துதான், அடுத்தவங்க மொழிபெயர்ப்பை நம்பியே ஆராய்ச்சி பண்ண முடியாது.

மொழி பக்கம்தான் ரொம்ப மெதுவா நகரும். பழைய மெசபடோமியாவுல (இப்போதைய ஈராக் பக்கம்) சுமேரிய, அக்காடிய மொழிகளை களிமண் பலகையில அழுத்தி எழுதின ஆப்பு எழுத்துல நட்சத்திரம் மாதிரி ஒரு குறி இருக்கு. சுமேரிய மொழியில அதை 'ஆன்'னு படிச்சா வானம், 'டிங்கிர்'னு படிச்சா கடவுள், அக்காடிய மொழியில அதே குறி வெறும் 'அன்' அல்லது 'இல்'ங்கிற ஓசையா வரும், சில இடத்துல அடுத்து வர்றது ஒரு கடவுளோட பேருன்னு அடையாளம் காட்ட மட்டும் வச்சிருப்பாங்க, அப்போ அதை வாய்விட்டுப் படிக்கவே கூடாது. இந்த மாதிரி நூத்துக்கணக்குல குறிங்க. கிளாஸ்ல நாலஞ்சு பேர்தான் இருப்பாங்க, வீட்ல தயார் பண்ணாம போனா தப்பிக்க வழியே கிடையாது. சிகாகோவுல அக்காடிய மொழிக்கு அகராதி போடுற வேலையை 1921-ல ஆரம்பிச்சு 2011-லதான் முடிச்சாங்க, அந்தத் துறையோட வேகம் அதுதான். இதுக்கு மேல ஆராய்ச்சிக் கட்டுரை படிக்க ஜெர்மனும் பிரெஞ்சும் வேற கத்துக்கணும்.

இவ்ளோ கஷ்டம்னா ஏன் அதையே சொல்றேன்னா, மத்த ரெண்டையும் அப்புறமா பிடிச்சுக்கலாம். வரலாற்றை சொந்தமா படிச்சு ஏறலாம், லீவுல அகழாய்வுல சேந்து தோண்டக் கத்துக்கலாம், ஆனா வாராவாரம் பக்கத்துல உக்காந்து உங்க இலக்கணத் தப்பைத் திருத்தற ஆசிரியர் யுனிவர்சிட்டியை விட்டு வெளிய வந்தா கிடைக்கிறது ரொம்ப கஷ்டம். அதோட இன்னும் யாருமே படிச்சு வெளியிடாத களிமண் பலகைங்க மியூசியங்கள்ல ஆயிரக்கணக்குல கிடக்கு, படிக்கத் தெரிஞ்ச ஆளுங்கதான் பத்தல.

தொல்லியல்னா வெயில்ல தோண்டறதுன்னு நினைச்சு வர்றவங்க நிறைய. தோண்டற நேரத்தை விட ஓடு கழுவி நம்பர் போடறது, படம் வரையறது, டேட்டா ஏத்தறது, ரிப்போர்ட் எழுதறதுதான் ஜாஸ்தி. மண்ணு கலர் லேசா மாறுற இடத்துல கையை நிறுத்தத் தெரியணும், ஏன்னா தோண்டின அடுக்கு திரும்ப வராது. 1870-கள்ல ஷ்லீமன்ங்கிற ஜெர்மன்காரர், ஹோமர் காவியத்துல வர்ற ட்ராய் நகரத்தைத் தேடி அங்க பெரிய பள்ளமா வெட்டிக்கிட்டே கீழ போயிட்டாரு, அவரு தேடின காலத்து அடுக்குல கொஞ்சம் அதுலயே அழிஞ்சு போச்சு. சயின்ஸ் பிடிச்சவங்களுக்கு இது நல்ல இடம், ரேடியோகார்பன் (பழைய மரம், எலும்பு மாதிரி பொருளோட வயசைக் கணக்கு போடற முறை), எலும்பு, மகரந்தம், மேப்பிங் சாஃப்ட்வேர்னு எல்லாமே இருக்கு. வேலைன்னு பாத்தாலும் மூணுல நேரடி வேலை இதுக்குதான் கொஞ்சம் ஜாஸ்தி, பல நாடுகள்ல ரோடு, கட்டடம் போடறதுக்கு முன்னாடி அந்த இடத்தை ஆய்வு பண்ணணும்னு விதி இருக்கு. சம்பளம் பெருசா இருக்கும்னு மட்டும் எதிர்பாக்காதீங்க, பல வேலை காண்ட்ராக்ட்தான், முட்டியும் முதுகும் ஒத்துழைக்கணும்.

மூணையும் கலந்து தர்ற கோர்ஸும் உண்டு, அதுக்கு நியாயமான காரணமும் இருக்கு. கிரீஸ்ல இருக்கிற சாண்டோரினி தீவுல பழங்காலத்துல எரிமலை வெடிச்சது எப்பங்கிற சண்டையைப் பாருங்க. சாம்பலுக்குள்ள புதைஞ்ச ஒரு ஒலிவ மரக் கிளையை ரேடியோகார்பன்ல சோதிச்சு, கி.மு. 1627-ல இருந்து 1600-க்குள்ளன்னு 2006-ல வெளியிட்டாங்க, மண்பாண்டத்தையும் எகிப்து காலவரிசையையும் வச்சு கணக்கு போட்டவங்க கி.மு. 1500 பக்கம்னு நின்னாங்க. ஒரு பக்கம் மட்டும் தெரிஞ்சவங்களால இதுல யாரு சொல்றதையும் எடை போட முடியாது.

ஆனா கலப்பு கோர்ஸ்ல சேர்றதுக்கு முன்னாடி பாடத்திட்டத்தை வாங்கி மொழி கட்டாயமா விருப்பப்பாடமா, எத்தனை செமஸ்டர், அகழாய்வுக்கு கிரெடிட் உண்டா, செலவு யாருதுன்னு கேட்டுடுங்க. மொழி வெறும் ஒரு செமஸ்டர்தான்னு இருந்தா அந்த கோர்ஸை விட்டுட்டு, மொழியை மெயினா எடுத்து தொல்லியலை துணைப்பாடமா வச்சுக்க வழி இருக்கான்னு அதே டிபார்ட்மென்ட்ல விசாரிங்க.