போர்க்கால டாங்கி: அருங்காட்சியகத்திலா, தனியார் பட்டறையிலா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சிலிம் ரிவரில் குடியிருப்பவனுக்கு டாங்கி என்றாலே 1942 ஜனவரி 7தான் நினைவுக்கு வரும். அன்று பொழுது விடியுமுன் ட்ரோலாக் பக்கமிருந்து, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலையில் ஜப்பானிய டாங்கிகள் புகுந்து சிலிம் ஆற்றுப் பாலம்வரை வந்துவிட்டன. எதிர்த்து நிறுத்த மலாயாவில் பிரிட்டிஷ் படையிடம் அப்போது ஒரு டாங்கிகூட இல்லை. அந்த ரக வண்டிகளில் மிஞ்சியவற்றில் பல இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன, சில தனியார் கையில் இருக்கின்றன. எங்கள் வீட்டில் இருப்பது டாங்கி அல்ல, போர்க்கால வில்லீஸ் ஜீப். அருங்காட்சியகம் ஒன்று கேட்டும் கொடுக்காமல் நாங்களே வைத்துக்கொண்டோம். ஆகவே நான் எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

அருங்காட்சியகத்தில் யாரும் போய்ப் பார்க்கலாம், வண்டியின் வரலாறு எழுத்தில் இருக்கும், அவசரத்துக்கு விற்றுவிட மாட்டார்கள். தனியாருக்கு இடம் வேண்டும், பணம் வேண்டும், சட்டமும் இடங்கொடுக்க வேண்டும். ஜெர்மனியின் ஹைகென்டார்ஃபில் ஒருவர் வீட்டு நிலவறையில் வைத்திருந்த போர்க்கால ஜெர்மன் பாந்தர் டாங்கியை 2015இல் ராணுவம் வந்து இழுத்துப் போனது. இதெல்லாம் தெரிந்த கதை.

என் முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: ஓடாமல் நிற்கும் வண்டி என்ன ஆகிறது? வில்லீஸ் ஜீப்பில் பெட்ரோல் தொட்டி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். பள்ளத்தின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை உண்டு. இரண்டு சருகும் கொஞ்சம் மண்ணும் அடைத்துக்கொண்டால் போதும். பேராக் மழையில் தண்ணீர் தேங்கி, தகடு உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கிவிடும். வெளியே வண்ணம் பளபளவென்று இருக்கும். வாராவாரம் வண்டியை எடுப்பவன் கண்ணில் அது பட்டுவிடும். மேடையில் ஏற்றி வைத்துவிட்டால் யார் குனிந்து பார்ப்பார்கள்? டாங்கியின் உடலோ பெரிய அண்டா மாதிரி. மேல்மூடி வழியாக இறங்கும் தண்ணீர் தானாக வெளியேறாது. ஹா-கோ என்ற ஜப்பானிய இலகு டாங்கியின் கவசம் மிகத் தடித்த இடத்திலேயே 12 மில்லிமீட்டர்தான்.

அடுத்தது ரப்பர். அந்த டாங்கிகளின் சக்கரங்களுக்கு ரப்பர் விளிம்பு உண்டு. ஒரே இடத்தில் நின்றால் கீழ்ப்பக்கம் நசுங்கி, இறுகி, வெடிப்பு விடும். எண்ணெய் படாத கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களும் காய்ந்து கசியும்.

அருங்காட்சியகம் என்றாலே கூரை இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தோக்கியோவின் யூஷூகான் போர் அருங்காட்சியகத்தில் சைபான் தீவிலிருந்து வந்த சி-ஹா என்ற ஜப்பானிய நடுத்தர டாங்கி கூடத்துக்குள் பத்திரமாக நிற்கிறது. இந்தியாவில் மகாராஷ்டிரத்து அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) டாங்கி அருங்காட்சியகத்தில் பெரும்பாலானவை திறந்த வெளியில். தனியார் கைக்குப் போன ஒரு ஹா-கோவின் கதை வேறு. பசிபிக் கடலின் போன்பே தீவிலிருந்து மீட்கப்பட்டு, பின்னர் பிரிட்டனுக்கு விற்கப்பட்ட அந்த வண்டியை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். 2022இல் நன்கொடை திரட்டி ஜப்பானின் கோதெம்பாவுக்கே திரும்பக் கொண்டுபோனார்கள்.

ஓட்டினால் தேயும் என்பதும் உண்மை. பிரிட்டனின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகம், 1943இல் துனிசியாவில் பிடிபட்ட ஜெர்மன் டாங்கியான டைகர் 131ஐ ஓடவைக்க வேறொரு மேபாக் எஞ்சினைப் பொருத்தியது. அதையும் ஆண்டுக்கு ஓரிரு நாள்தான் வெளியே எடுக்கிறார்கள். 7 டன் ஹா-கோவையோ 57 டன் டைகரையோ நான் கழற்றிப் பார்த்ததில்லை. ஜீப்பில் கண்டதை வைத்துப் பேசுகிறேன். கனரக வண்டியில் தேய்மானக் கணக்கு வேறாகவும் இருக்கலாம்.

தனியார் பக்கம் என்னை உறுத்துவது வாரிசு விஷயம். கலிபோர்னியாவில் ஜாக் லிட்டில்ஃபீல்ட் சேர்த்த டாங்கிகள் உலகப் புகழ் பெற்றவை. அவர் 2009இல் காலமானார். 2014இல் பெரும்பகுதி ஏலத்தில் சிதறியது. என் மகனுக்கு ஜீப்பில் ஆர்வம் உண்டா என்று இன்னும் தெரியவில்லை. இல்லையென்றால், கேட்ட அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிடுவேன், கூரைக்குக் கீழே இடம் ஒதுக்கினால். வாசலில் மேடை கட்டி நிறுத்துவோம் என்றால், ஓட்டத் தெரிந்த யாருக்காவது விற்றுவிடச் சொல்லியிருக்கிறேன்.