பழைய ஜப்பான் பிடே சீற் வாங்குகிறீர்களா? காசு கொடுக்க முதல் ஸ்டிக்கரைப் பாருங்கள்

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் பாத்ரூம் திருத்துகிறவர்கள் ஒரே மாதிரி ஏமாறுகிறார்கள். ஜப்பானில் கழற்றி வந்த எலெக்ட்ரிக் பிடே சீற் (தண்ணீர் பீச்சிக் கழுவிவிடும் கொமட் இருக்கை), கடையில் நன்றாக வேலை செய்யும். மேசைக்குக் கீழே வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் பெட்டி இருப்பது வாங்குபவருக்குத் தெரியாது. பழைய பிளக்கை வெட்டிவிட்டு 13 அம்பியர் மூன்று முள் பிளக் போட்டிருப்பார்கள். வீட்டில் கொண்டுவந்து குத்தினால் ‘டப்’ என்று ஒரு சத்தம், கருகின வாசம். திருப்பிக் கொண்டுபோனால் “உங்கட வீட்டுக் கரண்ட் பிழை” என்பார்கள்.

வீட்டுக் கரண்டில் பிழையில்லை. ஜப்பானில் 100 வோல்ட், நமக்கு 230. சூடாக்கும் கம்பிக்கு வோல்ட் 2.3 மடங்கானால் வாட் 5 மடங்குக்கு மேல் ஏறும். அதற்குள் போர்டு போய்விடும். எனவே ஸ்டிக்கரைத் தேடுங்கள். ஜப்பான் எழுத்து புரியாவிட்டாலும் எண் புரியும். 100 என்று இருந்தால் டிரான்ஸ்போமர் இல்லாமல் தொடவே வேண்டாம். ஸ்டிக்கரைக் கிழித்திருந்தால் வாங்கவே வேண்டாம்.

டிரான்ஸ்போமரிலும் ஒரு சுத்துமாத்து இருக்கிறது. தண்ணீரை உடனுக்குடன் சூடாக்கும் வகை 1200 வாட்டுக்கு மேலும் இழுக்கும். அதற்கு 500 வாட் பெட்டியைத் தந்தால் சில நாளில் உருகும். ஸ்டிக்கரில் உள்ள வாட்டை விடக் கால் பங்காவது கூடியதாக எடுங்கள். 1500 என்று எழுதிய பெட்டி கையில் இலேசாக இருந்தால் எழுத்தை நம்பாதீர்கள். இந்தப் பெட்டிகளில் பலதுக்கு இரண்டு ஓட்டைதான், அதோடு எர்த் அறுந்துவிடும். ஈரமான இடத்தில் வெறும் தோலில் படும் சாமான் இது. எர்த் வயரைத் தனியாக இழுத்து, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வழியாகத்தான் கரண்ட் வரவேண்டும். ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை உங்கள் முன்னால் அமர்த்திக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது தண்ணீர் அழுத்தம். கடைக்காரர் இதைச் சொல்லவே மாட்டார். ஜப்பான் சீற்களுக்குப் பொதுவாக ஆகக் குறைந்தது 0.05 மெகா பாஸ்கல் வேண்டும், அதாவது 5 மீற்றர் உயரத் தண்ணீர். நம் வீட்டுத் தாங்கி 15 அடித் தூணில் நிற்கும், அது நாலரை மீற்றர்தான். அரை அங்குலப் பைப்பும் வளைவுகளும் அதிலும் கொஞ்சம் தின்னும். பிறகு நொசில் வெளியே வரும், தண்ணீர் சொட்டும். “சீற் பழுது” என்று இன்னொன்றை விற்பார்கள். தேவையானது சின்ன பிரஷர் பம்ப் மட்டும்.

கல்லடி, காத்தான்குடிப் பக்கம் கிணற்றுத் தண்ணீரை நேரே கொடுக்காதீர்கள். தண்ணீர் உள்ளே போகும் வாயிலுள்ள வடியை (பில்டர்) மணல் அடைக்கும், உப்பும் சுண்ணாம்பும் ஹீட்டரில் படியும். குழாய்த் தண்ணீர் என்றாலும் அந்த வடியை மாதம் ஒருமுறை கழுவ வேண்டும்.

அளவும் எடுங்கள். மூடி போல்ட் ஓட்டைகளுக்கு இடையே 140 மில்லிமீற்றர், ஓட்டையிலிருந்து கொமட்டின் முன்விளிம்பு வரை 440 அல்லது 470. இவை ஜப்பான் அளவுகள். தாங்கியும் கொமட்டும் ஒரே துண்டாய் வளைந்து வரும் மொடல்களில் பல சீற்கள் உட்காரவே மாட்டா.

எங்கள் கருத்தைக் கேட்டால், இந்த வெக்கைக்குச் சூடான தண்ணீர் பெரிய தேவையில்லை. கரண்ட் இல்லாத பிடே அல்லது கை ஷவர் போதும். ஒன்லைனில் வரும் அமெரிக்க அளவு செட்டில், தாங்கிக் குழாயிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் ‘T’ இணைப்பு மட்டும் கவனம். அதன் மரை 7/8 அங்குலம், நம் தாங்கி வால்வு 1/2. வெள்ளை டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் அது பொருந்தாது. ‘பித்தளை’ என்று தரும் அங்கிள் வால்வின் மரையை உள்ளே சுரண்டிப் பாருங்கள். மஞ்சள் தெரியாமல் சாம்பல் நிறம் தெரிந்தால் அது பித்தளையே இல்லை, கடற்காற்றில் நிற்காது. கை ஷவரைப் பாவித்த பிறகு வால்வைப் பூட்டாவிட்டால் ஹோஸ் எப்போதும் அழுத்தத்தில் கிடந்து ஒருநாள் வெடிக்கும்.

மேசன் கொமட்டைச் சீமெந்தில் புதைக்க விடாதீர்கள். போல்ட்டில் பிடித்து, விளிம்புக்கு சிலிக்கன் போதும். புதைத்ததை ஒருநாள் கழற்றும்போது கொமட் உடையும்.

மிச்சக் காசை, உங்கள் வீட்டிலேயே பொருத்தி அரை மணித்தியாலம் ஓடவிட்ட பிறகே கொடுங்கள். பில்லில் வோல்ட், வாட், மொடல் இலக்கம் மூன்றும் எழுதப்பட வேண்டும். ஏமாந்துவிட்டால் அந்தப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழையுங்கள்.