புள்ளிப் படிவமா, பாதுகாப்புத் திட்டமா?

திருகோணமலைப் பக்கம் உளவளத்துணை வேலைக்கு வந்த புதிதில், தற்கொலை ஆபத்தை அளக்கப் புள்ளிப் படிவத்தைத்தான் நம்பியிருந்தேன். இப்போது என் மேசையில் இருப்பது வந்தவரோடு சேர்ந்து எழுதும் பாதுகாப்புத் திட்டம்.

படிவத்தில் நல்லது அதன் வேகம். 1983இல் வந்த ‘சாட் பெர்சன்ஸ்’ அளவுகோலில் 10 விடயம், ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. புதிதாக வேலை பழகுபவர் எதையும் கேட்க மறக்கமாட்டார். ஆனால் ஆண் என்றால் 1 புள்ளி, வாழ்க்கைத்துணை இல்லையென்றால் 1 புள்ளி. மூதூர்ப் பக்கமிருந்து வந்த, கலியாணமான 26 வயதுப் பெண் (அடையாளத்தை மாற்றியிருக்கிறேன்) மனச்சோர்வுக்காக வெறும் 1 புள்ளி வாங்கினாள். வீட்டுக்கு அனுப்பலாம் என்றது தாள். பஸ் டிக்கெட்டைத் துகள் துகளாகக் கிழித்துக்கொண்டிருந்த விரல்களுக்கு அதில் புள்ளி கிடையாது. இப்படியான அளவுகோல்களால் தற்கொலையைக் கணிக்கவேண்டாம் என்று பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் நிறுவனமும் 2022இல் சொல்லிவிட்டது.

அமெரிக்க உளவியலாளர்களான ஸ்டான்லியும் பிரவுனும் அமைத்த பாதுகாப்புத் திட்டத்தில் 6 படி. எச்சரிக்கை அறிகுறி, மனதைத் திருப்பும் வழி, கூப்பிடக்கூடிய ஆட்கள், தேசிய மனநல உதவிக்கான 1926 இலக்கம் என்று முதல் ஐந்தும் ஓரளவு சுலபம். ஆபத்தானதை எட்டாத இடத்துக்கு மாற்றும் ஆறாவதில்தான் நான் நேரத்தைச் செலவழிக்கிறேன். அந்த மூதூர்ப் பெண்ணிடமும் அதைத்தான் கேட்டேன்.

“வயலுக்கு அடிக்கிற மருந்தை எங்க வைக்கிறீங்கள்?”

“எங்கட அறைக்குள்ளதான், மிஸ். பிள்ளை எடுக்காம இருக்க.”

அவள் சம்மதத்தோடு கணவரை உள்ளே கூப்பிட்டுப் பேசினேன். பின்னேரமே போத்தல்கள் அவருடைய அண்ணன் வீட்டுப் பெட்டிக்குள் போய்ப் பூட்டப்பட்டன. சாகவேண்டும் என்ற உந்தல் பலருக்குச் சட்டென்று எழும்பி அடங்கிவிடும். அந்த நேரம் கைக்கு எதுவும் எட்டக்கூடாது. இலங்கையில் 1995இல் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 தற்கொலை. கொடிய பூச்சிமருந்துகள் தடைசெய்யப்பட்ட பிறகு, பத்தே வருடத்தில் அது பாதியானது.

சரி, இந்தத் திட்டத்திலும் குறை உண்டு. முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். எழுதி மடித்துக் கொடுத்ததோடு முடிவதுமில்லை. பெரும்போக நெற்செய்கை தொடங்கினால் புதுப் போத்தல் வீட்டுக்கு வந்துவிடும். அதனால் ஒவ்வொரு கிளினிக்கிலும் அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறேன். காதில் குரல் கேட்பவர்களிடம் இந்தத் தாளை நம்பமாட்டேன், நேரே மனநல வைத்தியரிடம் அனுப்பிவிடுவேன். சின்னப் பிள்ளைகளோடு இதை எழுதிய அனுபவம் எனக்குக் குறைவு.

கார்த்திகையில் அவள் வந்தபோது தாள் கிளினிக் கொப்பிக்குள் நாலாய் மடிந்திருந்தது. அக்காவின் பழைய போன் இலக்கத்தை வெட்டி, புதியதைத் தானே எழுதியிருந்தாள்.