சுகர் மிஷின்: ஐந்து வருடக் கணக்கு

வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன வாரம் போன் போட்டார். "அண்ணே, நீங்க என்ன சுகர் மிஷின் வச்சிருக்கீக? வாங்கலாமா?" வீட்டிலேயே விரலில் குத்திச் சுகர் பார்க்கிற குளுக்கோமீட்டரைத்தான் கேட்கிறார். அவருக்கும் சுகர் வந்துவிட்டதாம். கேள்வி சரிதான், கேட்ட நேரம்தான் சரியில்லை. அன்று காலையில்தான் ரத்தச் சொட்டு வைக்கிற பட்டை, அதாவது ஸ்ட்ரிப், அடுத்தடுத்து இரண்டு எர்ரர் காட்டி வீணாகியிருந்தன. "வாங்காதீங்க தம்பி" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பாவம், அவருக்காகக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

எனக்குச் சாயல்குடி பக்கம் கடலோரத்தில் கருப்பட்டி வியாபாரம். மிஷின் வாங்கியது 2020 கடைசியில். மிஷினைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். இந்த உப்புக் காற்றில் சைக்கிள் செயின் தாங்காது, கதவுக் கீல் தாங்காது, இது தாங்குகிறது. போன மாதம் ஒருநாள் திரை அணைந்துவிட்டது. சாயல்குடியில் வாட்ச் ரிப்பேர் பார்க்கிறவரிடம் கொடுத்தேன். பின்பக்கம் திறந்தால் பேட்டரி தொடும் தகட்டில் பச்சையாகக் களிம்பு. பிளேடு முனையால் சுரண்டி, துடைத்து, புது பட்டன் செல் போட்டு 60 ரூபாய் வாங்கினார். தேதி மட்டும் பழைய வருடத்துக்கு ஓடிப்போனது, திருத்திக்கொண்டேன்.

என் சண்டையெல்லாம் ஸ்ட்ரிப்போடுதான். மிஷினைச் சல்லிசாகக் கொடுத்துவிட்டு ஸ்ட்ரிப்பில் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த மிஷினுக்கு அந்தக் கம்பெனி ஸ்ட்ரிப்தான் போடமுடியும். நான் வாங்குவது 50 ஸ்ட்ரிப் பெட்டி, ஆயிரம் ரூபாய். ஆக, ஒரு குத்துக்கு 20 ரூபாய். புதிதில் பயத்தில் தினம் மூன்று வேளை குத்தினேன். மாதம் 1,800 ரூபாய், ஐந்தாறு கிலோ நல்ல கருப்பட்டியின் விலை. இதில் கொடுமை என்னவென்றால், ரத்தம் கொஞ்சம் குறைந்தாலும் எர்ரர்தான். இன்னொரு சொட்டு வைத்துச் சமாளிக்க முடியாது, புது ஸ்ட்ரிப்தான். வருடக்கணக்காகக் கருப்பட்டிப் பெட்டி தூக்கிக் காய்த்துப்போன விரல் எனக்கு. இப்போதெல்லாம் வெந்நீரில் கழுவி, கையைத் தொங்கவிட்டு உதறி, விரல் நுனியில் குத்தாமல் ஓரத்தில் குத்துகிறேன். வலியும் குறைவு, ரத்தமும் வருகிறது.

கழுவுவது என்றதும் ஒன்று. பதநீர்க் காலத்தில் ஒருநாள் சரக்கை ஓலைக்கொட்டானில் அடுக்கிக்கொண்டிருந்தவன், கையை வேட்டியில் துடைத்துவிட்டுக் குத்தினேன். 312. வீட்டில் அழுகையே கிளம்பிவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வேறு விரலில் குத்தினால் 148. முதலில் மிஷின் அளந்தது என் விரலில் ஒட்டியிருந்த கருப்பட்டியை! அந்த 40 ரூபாய் மட்டும் எனக்கு வலிக்கவில்லை.

இந்த மிஷின்மேல் எனக்கு மரியாதை வந்ததும் கருப்பட்டியால்தான். "கருப்பட்டிக்குச் சுகர் ஏறாது" என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள், நானும் தலையாட்டுவேன். ஒருநாள் காப்பியும் கருப்பட்டிப் பணியாரமும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். 241. நம்பாமல் மறுநாளும் பார்த்தேன், கிட்டத்தட்ட அதேதான். வியாபாரத்துக்கு ஆகாத செய்தி, யாரிடம் சொல்ல? ஆனால் எந்த டாக்டர் சொல்லியும் விடாத காப்பியை அந்த எண் விடவைத்தது.

எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. ஐஎஸ்ஓ 15197 என்ற தரவிதியின்படி, சுகர் 100க்கு மேல் இருந்தால் லேப் அளவிலிருந்து 15 விழுக்காடு கூடக்குறைய வரலாம். அதாவது லேபில் 160 என்றால் இதில் 136ம் சரி, 184ம் சரி. இது தெரியாத காலத்தில் ஒரே விரலில் 151ம் 168ம் காட்டியதற்குக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போயிருக்கிறேன். இன்னொரு தடவை, தொடர்ந்து நல்ல எண்ணாக வந்ததும் நானே ஒரு மாத்திரையை நிறுத்தினேன். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பார்த்தபோது 8.9. டாக்டர் விட்ட டோஸ் இன்னும் காதில் இருக்கிறது. அவர்தான், இன்சுலின் இல்லாமல் மாத்திரையில் மட்டும் இருக்கிற எனக்குத் தினம் குத்தவேண்டிய அவசியமில்லை, வாரம் இரண்டு நாள் பார்த்து நோட்டில் எழுதி வந்தால் போதும் என்றார்.

சரி, செலவு குறைந்ததா? குறைந்தது, முழுதாக இல்லை. வாரம் இரண்டு என்றால் 50 ஸ்ட்ரிப் ஆறு மாதம் ஓடும். டப்பாவைத் திறந்தால் மூன்று மாதம்தான் என்று என் பெட்டியில் போட்டிருக்கிறது. 25 ஸ்ட்ரிப் உள்ள சின்னப் பெட்டி வாங்கினால் ஒரு ஸ்ட்ரிப்பின் விலை கூடுகிறது. குறைத்துக் குத்தினால் கூடுதல் விலை, இது என்ன நியாயமோ! ஐப்பசி மழையில் பேரன் மூடியைத் திறந்துபோட்டுவிட, ராத்திரி ஈரத்தில் ஒரு டப்பாவே கெட்டது. மூடிக்குள் ஈரம் உறிஞ்ச வைத்திருப்பதெல்லாம் மூடினால்தானே. இப்போது டப்பா பீரோவில், சாவி என்னிடம்.

2025 செப்டம்பர் 22 முதல் மிஷினுக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜிஎஸ்டி 12லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. என் பெட்டியில் அறுபது ரூபாய் சொச்சம் மிச்சம். மூன்று எர்ரருக்கு ஆகும். மாத்திரைக் கவலை எனக்கு இல்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மெட்ஃபார்மின் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. கொண்டுவரும் அம்மாவிடம் "ஸ்ட்ரிப் கிடையாதா தாயி" என்று மாதாமாதம் கேட்கிறேன். அவரும் மாதாமாதம் சிரிக்கிறார்.

இந்த மிஷின் இல்லாவிட்டால் வெறும் வயிற்றில் பஸ் ஏறி, ரத்தம் கொடுத்து, இட்லி தின்று, இரண்டு மணி நேரம் லேப் பெஞ்சில் குந்தி, மறுபடி கொடுத்துவிட்டு வரவேண்டும். அரை நாள் வியாபாரம் போகும். அதையும் பார்க்கத்தானே வேண்டும்.

ஆகவே தம்பி, கடைக்குப் போனால் மிஷின் விலையைக் கேட்காதீங்க. 25 ஸ்ட்ரிப் என்ன விலை, திறந்தால் எத்தனை மாதம், எந்நேரமும் கிடைக்குமா என்று மூன்றையும் கேளுங்க. பதில் கேட்டதும் வாங்கவே தோன்றாது. எனக்கு இன்றைக்கும் அதேதான் தோன்றுகிறது, வாங்காதீங்க. என்னுடையதை இரவலாகவும் கேட்காதீங்க, நாளைக்கு வெறும் வயிற்றில் பார்க்கிற நாள்.