போன் கீபோர்டு தமிழ் வாய்ஸ் டைப்பிங்: எங்க வீட்டு ரிவ்யூ

வீட்ல பெரியவங்களுக்கு இத ஆன் பண்ணி கொடுக்கலாமான்னு கேட்டா, தாராளமா கொடுங்க, ஆனா ஃபேமிலி குரூப்புக்கு மட்டும் வேண்டாம்.

நான் கோபிசெட்டிபாளையம், வாக்கப்பட்டது பாளையங்கோட்டையில, அதனால ரெண்டு ஊர் பேச்சும் இதுகிட்ட படுற பாட்ட தினமும் பாக்குறேன். நல்லத மொதல்ல சொல்லிடறேன், உச்சரிப்ப புடிக்கறதுல ஆளு கெட்டி. எங்க அத்தை 'வாளப்பளம்'னுதான் சொல்வாங்க, ஸ்க்ரீன்ல வாழைப்பழம்னு ழகரத்தோட விழுது. ஊர் பேரு, மளிகை லிஸ்ட்டு எல்லாம் டக்குடக்குன்னு வந்துடும்.

மாட்டறது எங்கன்னா வட்டார பேச்சுல, அதுலயும் வார்த்தையோட வாலுல. அத்தை "மாமா சந்தைக்கு போயிருக்காவ"ன்னு மரியாதையா சொன்னா இது "போயிருக்கவா"ன்னு போடுது, குரூப்ல அத்தன பேரும் யாரு போறது, எதுக்கு போறதுன்னு கேட்டுட்டு கெடக்குறாங்க. எங்கப்பா "ஏனுங் மாப்ள, சவுக்கியமுங்ளா"ன்னு ஆரம்பிச்சா "ஏன் உங்க மாப்பிள்ளை சௌக்கியமா"ன்னு போகுது, அவர் கேக்குறதே மாப்பிள்ளைகிட்டதான்! வாரியல் வாரியமாயிடுது (வெளக்கமாறுங்க, மின்சார வாரியம் இல்ல), மைனி (அண்ணிங்க) மணி ஆயிட்டாங்க, வீட்டுக்கு ஒறம்பரை (சொந்தக்காரங்க) வந்திருக்குன்னு அம்மா சொன்னா 'ஒரு பாறை' வந்திருக்கு.

செட்டிங்ஸ்ல தமிழ் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியான்னு நாடு நாடா பிரிச்சு வச்சிருக்காங்க, சரி, கோயமுத்தூருக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவுல இருக்குற அத்தன தமிழுக்கு என்ன பண்றது? நியூஸு, பத்திரிகைன்னு எழுத்து தமிழயே கேட்டு வளந்த மெஷினா இருக்கும்னு நெனைக்கிறேன், 'இருக்காவ'ன்னு யாரு எழுதி வச்சிருக்கா அது கத்துக்கறதுக்கு. பர்சனல் டிக்‌ஷனரில மைனிய சேத்தும் பாத்தேன், டைப் பண்ணா ஒழுங்கா காட்டுது, பேசுனா பழையபடி மணிதான்.

எனக்கு நெஜமா கடுப்பாகறது வேற. அத்தை இப்ப போன வாய்கிட்ட கொண்டு போனாலே "மாமா சந்தைக்குச் சென்றிருக்கிறார்"னு செய்தி வாசிக்க ஆரம்பிச்சிடறாங்க, வச்ச கையோட என் பொண்ண பாத்து "ஏ புள்ள, பைய போ, வழுக்கப் போவுது"ன்னு பழைய ஆளா மாறிடறாங்க, பிள்ளைங்களுக்கு அத மிமிக்ரி பண்றதே வேலையா போச்சு. அப்பா இந்த வம்புக்கே வரல, "அதுக்கு புரியலீன்னா நானெதுக்கு மாறோணும்"னு சொல்லிட்டு ஆடியோ மெசேஜுக்கு போயிட்டாரு.

ஆபீஸ் மெயிலு, மளிகை லிஸ்ட்டுக்கு 5க்கு 4 கொடுப்பேன். வீட்டு பேச்சுக்கு 5க்கு 2, அதுவும் அந்த வாழைப்பழத்துக்காக. அடுத்த அப்டேட்ல 'காவ'வும் 'ங்'கும் மட்டும் புடிச்சா போதும், பாறை வந்தா நாங்க உக்கார வச்சு காப்பி கொடுத்துக்கறோம்.