முன்கட்டு அறையும் வினைல் விரிப்பும்: இரண்டரை ஆண்டு அனுபவம்

தேவகோட்டையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நண்பர், தாம் தனியாகத் தங்கப்போகும் அறையை ஒழுங்குபடுத்த, நான் கட்டணம் கொடுத்து ஆலோசனை பெற்ற அதே உள்ளலங்கார நிபுணரை அணுகலாமா என்று சென்ற வாரம் கேட்டார். அவருக்குத் தொலைபேசியில் பாதி சொன்னதை இங்கே முழுவதுமாக எழுதுகிறேன்.

2023 மார்ச்சில் நான் செலுத்தியது 6,500 ரூபாய். அதற்கு மூன்று காணொளி அழைப்புகளும், ஒரு வரைபடமும், வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலும் கிடைத்தன. நான் குடியிருப்பது காரைக்குடியில் ஒரு பழைய நகரத்தார் வீட்டின் முன்கட்டு அறை. 11க்கு 16 அடி, தரைத்தளம், தெருவிலிருந்து தனி வாசல். ஒரு காலத்தில் கணக்குப்பிள்ளைகள் உட்கார்ந்து வரவு செலவு எழுதிய இடம் அது என்று வீட்டுக்கார ஆச்சி சொல்வார்.

நிபுணர் சொன்னவற்றில் இன்றுவரை எனக்கு மகிழ்ச்சி தருவது விளக்கு. அறையின் உச்சியில் எரிந்துகொண்டிருந்த 6500 கெல்வின் வெள்ளைக் குழல்விளக்கை அணைத்துவிட்டு, 2700 கெல்வின் மஞ்சள் ஒளி தரும் இரண்டு சிறிய விளக்குகளைச் சுவரோரமாக இடுப்புயரத்தில் வைக்கச் சொன்னார். சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து இழைத்துப் பூசிய சுவர் அது. அதன் மீது ஒளி கீழிருந்து மேலாகப் படரும்போது, பகலில் வெறும் வெள்ளையாகத் தெரியும் பரப்பு தந்தத்தைப் போல மெருகேறி நிற்பதை, ஐந்து ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தும் அதுவரை நான் பார்த்ததில்லை. அந்தச் சுவரில் ஆணி அடிக்க வேண்டாம், படம் எதுவும் மாட்ட வேண்டாம் என்று அவர் உறுதியாகச் சொன்னதற்கு நான் என்றும் நன்றியுடையவன். உயரமான மேசையும் நாற்காலியும் அறையைச் சிறிதாக்கிவிடும், தாழ்வான பொருள்களையே வாங்குங்கள் என்றதும் அவர்தாம். அதைக் கேட்டு முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்து, கணக்குப்பிள்ளைகள் பயன்படுத்திய சாய்வுமூடி வைத்த மேசைப்பெட்டி ஒன்றை வாங்கினேன். மடிக்கணினியை அதன் மேல் வைத்துத் தரையில் சம்மணமிட்டு அமர்ந்துதான் இப்போது வேலை பார்க்கிறேன். திரைச்சீலைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவர் சொன்ன சாம்பல் நிறத்திலேயே வாங்கினேன், இரண்டு கோடைகளில் வெளுத்துவிட்டன.

இவ்வளவு நன்றாகச் சுவரைப் பார்க்கத் தெரிந்தவர் தரையைப் பார்க்கவில்லை என்பதுதான் இன்றளவும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாதது.

என் அறையின் தரை, காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் கையால் செய்யப்படும் ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, சாயம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கையால் ஊற்றி, அதன் முதுகில் மணலும் சிமெண்டும் நிரப்பி, காய்ந்த பின் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் கல் அது. சூளையைக் காண்பதே இல்லை. கண்ணாடியில் படிந்திருந்த முகமே அதன் பளபளப்பு. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க அந்தப் பளபளப்பு கூடுமே தவிரக் குறையாது. நிபுணர் மூன்றாவது அழைப்பில், பூ வேலைப்பாடு கண்ணை உறுத்துகிறது, தனி ஆணின் அறைக்கு இது பொருந்தாது, துடைப்பதும் உங்களுக்குச் சிரமம் என்று சொல்லி, மர நிறத்தில் வினைல் விரிப்பைச் சுவருக்குச் சுவர் பசை போட்டு ஒட்டிவிடச் சொன்னார். 9,000 ரூபாய் செலவழித்து நானும் ஒட்டினேன். விரிப்பை உருட்டி உள்ளே கொண்டுபோனபோது ஆச்சி திண்ணையிலிருந்து, "ஏந்தம்பி, வழுவழுன்னு இருக்கிற தரைய எதுக்கு மூடுறீக?" என்று கேட்டார். நான் சரியாகப் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன்.

கோடையிலேயே தவறு தெரிந்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஆத்தங்குடிக் கல்லின் மேல் உட்கார்ந்தால் தொடையில் குளுமை ஏறும். வினைலில் வியர்வை ஒட்டியது. தரையில் உட்கார்ந்து வேலை பார்க்கச் சொன்னவரே அந்தக் குளுமையையும் மூடச் சொல்லியிருந்தார். அந்த ஆண்டு ஐப்பசி மழையில் மூலைகளிலிருந்து முடை நாற்றம் கிளம்பியது. 2024 மழையில் விரிப்பின் ஓரங்கள் எழும்பின. இந்த ஆடியில் பிரித்துப் பார்த்தபோது, கீழிருந்து ஏறிய ஓதம், அதாவது மண்ணின் ஈரம், வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள்ளேயே தங்கி, முகமெங்கும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சில கற்களைத் தட்டினால் உள்ளே வெற்றிடமாக ஒலித்தது. பசையைச் சுரண்டியதில் பல கற்கள் மெருகிழந்தன. ஆத்தங்குடியிலிருந்து வந்த கைவினைஞர் 17 கற்களைப் பெயர்த்துப் புதிதாகப் பதித்தார். மீதியைக் கழுவி, உமி போட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவிக் கொடுத்தார். மொத்தம் 11,000 ரூபாய் ஆயிற்று. பழைய செங்காவிக்கு நடுவே புதிய செங்காவி தனியாகத் தெரிகிறது.

நிபுணரை அழைத்துச் சொன்னேன். பழைய வீடு என்று முன்பே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். படங்களும் அளவுகளும் அவரிடம்தான் இருந்தன. நியாயமாகப் பார்த்தால், ஓதம் ஏறும் தரைகளைப் பற்றி வேறோர் ஊரில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். நானும் ஆச்சியின் கேள்விக்கு நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் மனத்தில் ஆறாமல் இருப்பது வேறு. திருமணமாகாதவன் என்று அறிந்தவுடன், அங்கே வாழ்பவன் எதையும் பேணமாட்டான், சில மாதங்களில் காலி செய்துவிட்டுப் போய்விடுவான் என்று அவர் முடிவு செய்துவிட்டார். படுக்க, வேலை பார்க்க, படம் பார்க்க என்று மூன்று இடங்களை வரைந்தவர், மாதந்தோறும் வந்து தங்கும் என் அம்மா எங்கே உட்காருவார் என்று கேட்கவில்லை. நான் நாள்தோறும் சமைப்பவன் என்பதையும் கேட்கவில்லை. நகரத்தார் வழக்கில் திருமணமான தம்பதியரைத்தான் ஒரு புள்ளியாகக் கணக்கெடுப்பார்கள். திருமணமாகாதவனுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. அப்படிப்பட்ட வீட்டில் ஆச்சி என்னை நம்பி, தம் மாமனார் காலத்துத் தரையோடு ஓர் அறையைக் கொடுத்திருந்தார். கட்டணம் வாங்கிய நிபுணர் எனக்கு அந்த நம்பிக்கையைக்கூடத் தரவில்லை.

எண்ணிப் பார்த்தால் அவர் சொன்னவற்றில் பெரும்பாலானவை நல்ல யோசனைகளே. விளக்கு ஒன்றுக்காகவே 6,500 ரூபாய் தகும் என்று இரவில் தோன்றுகிறது. இருந்தும் நண்பரிடம் அவரை அணுக வேண்டாம் என்றுதான் சொன்னேன், எண்ணையும் கொடுக்கவில்லை. வரும் சனிக்கிழமை அந்தி சாயும் நேரத்துக்கு நண்பரை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். விளக்குகளை எந்த உயரத்தில் வைத்திருக்கிறேன் என்று அளந்துகொள்ளட்டும். அந்த 17 கற்களையும் பார்க்கட்டும்.